நூறு சதவீதம் பருத்தி

லண்டனில், குட்மேய்ஸில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு மாம்பழத்தை நீட்டினால்கூட, "உது என்னத்தில செய்தது?" என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அறை பார்க்கப் போன முதல் நாளே, நான் கொண்டுபோன இனிப்புப் பெட்டியை வாசலில் வைத்தே வாங்கி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்துப் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நனைந்துகொண்டிருந்தேன். "பால், சீனி, நெய், ஏலக்காய்," என்று வாசித்து முடித்துவிட்டு, "பிழையில்லை. உள்ள வாங்கோ தம்பி," என்றார். என்னையும் ஒருமுறை திருப்பி முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காததுதான் பாக்கி.

ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். நான் ஈரோட்டுக்காரன், அவர் யாழ்ப்பாணம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் காலமாகி நெடுநாள் ஆகியிருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எந்த டப்பாவில் எது கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அங்கே அவருடைய பொறுப்பு. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் லண்டனில் கிடைத்திருக்க மாட்டார்.

எனக்கு மென்பொருள் சோதிக்கும் உத்தியோகம். அடுத்தவன் எழுதியதில் குறை கண்டுபிடித்தால்தான் சம்பளம். அதனாலோ என்னவோ, மற்றவர்களுக்குத் தலைவலியாக இருந்த அவருடைய கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கேப்ஸ்யூல் மாத்திரைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை மட்டும் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். "மேல் ஓடு மாட்டெலும்பு, தம்பி." பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை சேர்ப்பார்கள் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செவன் கிங்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. பரம்பரைச் சைவம் என்று ஒரு பெரியவர் பியர்க் கிளாஸோடு பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி அவரிடம் போய், "அண்ணை, சில பியரை மீன் சவ்வு போட்டுத்தான் தெளிய வைக்கிறவை. உங்கடையைக் கேட்டனீங்களோ?" என்றார். பெரியவர் கிளாஸைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. விழா முடியும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சமையலறையில் மச்சம் கிடையாது. ஆட்டுக் கறி, கோழி, மீன், முட்டை எல்லாம் அவருக்கு மச்சம்தான். "வேணுமெண்டால் வெளியில சாப்பிட்டுட்டு வாங்கோ. வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கோ." நான் மூன்று வருடம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கோழி தின்றவன். பிறவியிலேயே ஆசாரமான பெண்மணி, வேறு வழியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் கீத் என்று ஒரு வெள்ளைக்காரர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வார நாட்களில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வார இறுதிகளில் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயச் சிப்பாய் ஆகிவிடுவார். அப்படி ஒரு குழு. பழைய காலத்துச் சிவப்புக் கோட்டு, உயரத் தொப்பி, நீளத் துப்பாக்கி எல்லாவற்றோடும் பூங்காக்களிலும் பழைய மாளிகைகளின் புல்வெளிகளிலும் அணிவகுத்து நின்று, பழைய போர்களை நடித்துக் காட்டுவார்கள். பொதுமக்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஐஸ்கிரீம் தின்றபடி பார்ப்பார்கள். துப்பாக்கியில் போடுவது வெற்றுத் தோட்டா. காகிதக் குழலில் கொஞ்சம் கருமருந்து மட்டும் இருக்கும், குண்டு இருக்காது. சத்தமும் புகையும் வரும், வேறொன்றும் வராது.

ஒரு சனிக்கிழமை கீத் தன் தோட்டத்து மேசையில் உட்கார்ந்து, ஒரு மரக்குச்சியில் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி அந்தக் குழல்களைச் செய்துகொண்டிருந்தார். துணி காயப் போட வந்த ஆன்ட்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்ன கேட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கீத் விளக்கினார். இதைப் பையிலிருந்து எடுத்து, நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கிக்குள் கொட்ட வேண்டும் என்றார்.

"பல்லாலயோ?" என்றார் ஆன்ட்டி. உடனே அடுத்த கேள்வி. "கடிக்கிற இடத்தில என்ன பூசியிருக்கு?"

கீத்தின் முகம் அவருடைய கோட்டு நிறத்துக்குப் போய்விட்டது. அவர் சரித்திரம் படித்தவர். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று பேச்சுக் கிளம்பி, வட இந்தியாவில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த கதையை நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்காகப் படித்திருக்கிறோம். ஆன்ட்டிக்கு அது தெரியாது. நான் அன்று மாலை சொன்னேன். கேட்டுவிட்டு, "அவை கேட்டது நியாயம்தானே. வாயில வைக்கிறதைக் கேக்காமல் வேற எதைக் கேக்கிறது?" என்றார். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் இவர் அங்கே இருந்திருந்தால் கலகம் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியிருக்கும்.

எதுவும் பூசவில்லை என்று கீத் சத்தியம் செய்த பிறகு, ஆன்ட்டி ஒரு குழலைத் தானும் சுற்றிப் பார்த்தார். கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் கூடை கூடையாகத் திருநீற்றுப் பொட்டலம் மடிக்கிற கை அது. கீத் இரண்டு செய்து முடிப்பதற்குள் ஆன்ட்டி ஒன்பது செய்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை வேலியில் இருந்த பலகை ஒன்றைக் கீத் கழற்றி வழி செய்துகொடுத்தார்.

சாமான் சேர்க்கிற வேலை அப்படித்தான் ஆன்ட்டியிடம் வந்தது. பாரம் தூக்க நான். இல்ஃபோர்டில் ஒரு தையல் சாமான் கடையில் நூல் பார்த்தோம். கடைக்காரப் பெண் பளபளவென்று பட்டு நூலை எடுத்துப் போட்டாள். ஆன்ட்டி விரலால்கூடத் தொடவில்லை. "பூச்சியை அவிச்சு எடுத்தது. கடிக்கேக்க பல்லில படும்." பருத்தி நூல் வாங்கினோம். நூலில் தேய்க்கத் தேன்மெழுகு சரியா என்று ஒரு வாரம் யோசித்தார். தேனீ சாகவில்லை என்பதால் சரி என்று தீர்ப்பாயிற்று. பசை போத்தல்களில் என்ன கலந்தது என்று எழுதியிருக்கவில்லை. "எழுதாத சாமானை நம்பேலாது," என்று வீட்டில் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்தார். காகிதத்துக்கு அந்தக் கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்து, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, மரக்கூழ் மட்டும்தான் என்று உறுதி வாங்கினார்.

"அப்ப அந்தத் தோல் வாரை மட்டும் தோள்ல போட்டுக்கிறீங்களே ஆன்ட்டி?" என்று மடக்கினேன். சுற்றி முடித்த குழல்களை அவர் போட்டுத் தூக்கிப்போகிற, குழுவின் தோட்டாப் பை கனத்த மாட்டுத் தோல்.

"தோளுக்கும் வாய்க்கும் வித்தியாசம் இருக்கு தம்பி. வாய்க்குள்ள போறதுதான் கணக்கு."

மருந்து கீத்தின் பொறுப்பு. போலீஸ் அனுமதி அவர் பெயரில்தான் இருந்தது. பூட்டிய மரப்பெட்டியை அவர் மட்டும்தான் திறப்பார், அவர் மட்டும்தான் அளந்து போடுவார். அதிலும் ஆன்ட்டி விடவில்லை. அதில் சேரும் கரி எலும்புக் கரியா, மரக்கரியா என்று கேட்டு, மரக்கரிதான் என்ற பிறகே நிம்மதியானார். மடித்துப் பழக மருந்துக்குப் பதில் ரவை போட்டார். கீத் ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, ஏன் இது வாசமாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். வறுத்த ரவை. வறுக்காவிட்டால் வண்டு வருமாம்.

குழல் செய்பவர் எப்போது வரிசையில் நிற்பவர் ஆனார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் குழுவில் பெண்களும் சிப்பாயாக நிற்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து இறங்கினால், கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் சிவப்புக் கோட்டில் ஆன்ட்டி நிற்கிறார். கொண்டையைத் தொப்பிக்குள் அடக்கப் பார்க்கிறார், அது அடங்கவில்லை. தொப்பி விளிம்புக்குக் கீழே திருநீறு. நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதேங்கோ. ஊசி ரெண்டு எடுத்துத் தாங்கோ," என்றார்.

கிழக்கு லண்டனில் ஒரு பெரிய பூங்காவில் அன்று நிகழ்ச்சி. பன்னிரண்டு பேர் வரிசையில் ஆன்ட்டி இடமிருந்து நாலாவது. மற்றவர்களுக்குத் தோள் உயரம்தான் இருந்தார். தலைவர் கத்தியதும் பையிலிருந்து தோட்டாவை எடுத்தார், கடித்தார், துப்பினார், கொட்டினார், தூக்கினார், சுட்டார். எதிர்ப்பக்கம் நீலக் கோட்டுக்காரர்கள் சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். புகை கலைந்தபோது ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் கருப்பு. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

திரும்பி வருகிற ரயிலில் கேட்டேன். "சண்டைக்குப் பயந்துதானே ஆன்ட்டி நாட்டை விட்டு வந்தீங்க? இதுல என்ன இருக்கு உங்களுக்கு?"

கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். அதன் பொத்தான்களைத் தடவிக்கொண்டே சொன்னார். "விழுந்தவங்கள் எல்லாம் பேந்து எழும்பி வந்து தேத்தண்ணி குடிக்கிறாங்கள், கவனிச்சனீங்களோ? அந்த உயரமான நீலக் கோட்டு என்னட்ட வந்து, நல்லாச் சுட்டனீங்கள் எண்டு கை குடுத்திட்டுப் போறான். எனக்கு அது பிடிச்சிருக்கு."



இரண்டாவது வருடம் குழுவின் தலைவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. எல்லாம் அந்தக் காலத்தைப் போலவே இருக்க வேண்டும். பார்வையாளர்கள் கிட்டத்தில் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள், நம் தோட்டாவைப் பார்த்தால் அலுவலகக் காகிதம் மாதிரி இருக்கிறது என்றார். கந்தல் துணியை அரைத்துக் கையால் காகிதம் செய்கிற சின்ன ஆலை ஒன்றிலிருந்து கட்டுக் கட்டாக வரவழைத்தார். மே மாதம் அது ஆன்ட்டியின் மேசைக்கு வந்தது. மெல்லிசு, கொஞ்சம் சொரசொரப்பு, பழுத்த வெள்ளை. கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஆன்ட்டி மூன்று முறை வாசித்தார். நூறு சதவீதம் பருத்தி. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"போன் பண்ணிக் கேக்கலையா?" என்றேன் கேலியாக.

"நூறெண்டால் நூறுதானே. அதுக்கு மேல கேக்க என்ன கிடக்கு?" என்றார். பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருடம் சீட்டு வாசித்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே ஒரு பொட்டு உப்பு சேர்த்தாலும் எழுதியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. காகிதத்துக்கு அந்தச் சட்டம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு கட்டையும் வெட்டுவதற்கு முன் முதல் தாளில் மைப் பேனாவால் பிள்ளையார் சுழி போடுவது அவர் வழக்கம். மருந்து நிரப்பப்போகிற காகிதம் என்றால் பிள்ளையாருக்குத் தெரியாமல் இருக்கலாமா? அந்தக் காகிதத்தில் சுழி கத்தரித்ததுபோல் நின்றது. மை ஊறவே இல்லை. வெறும் பருத்தி என்றால் என் வேட்டியில் பட்ட மையைப் போலப் பரவியிருக்க வேண்டுமே என்று எனக்கு ஒரு குடைச்சல். சோதிக்கிற புத்தி. அன்றிரவே அந்த ஆலைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மை பரவாமலிருக்க என்ன செய்கிறீர்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று. அவர்கள் பதில் போடவில்லை. நானும் மறந்துபோனேன். ஆன்ட்டி அந்தக் கோடை முழுக்கக் கடித்தார், சுட்டார், கறுத்த உதட்டோடு வீட்டுக்கு வந்தார்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாயைக் கொப்பளித்திருந்தேன். ஆனால் நண்டு போகிற வாசமா? கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி மூக்கை உயர்த்தி, "நண்டோ?" என்றார். பிறகு, "பெருஞ்சீரகம் கூடிப்போச்சு. முருங்கையிலை போடேல்லை," என்றார்.

நான் அசந்துவிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாமலோ? எங்கட வீட்டில நண்டுக்கு நான்தான் சண்டை பிடிக்கிறது. நானும் தம்பியும்."

அன்றுதான் கூடப்பிறந்த அந்தத் தம்பியைப் பற்றி முதன்முதலாகச் சொன்னார். ஆன்ட்டி லண்டன் வந்து நாலு வருடத்துக்குப் பிறகு, தம்பியையும், காசு வாங்கிக்கொண்டு களவாக ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரன் மூலமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் பத்துப் பதினைந்து பேரோடு ஒரே அறையில் மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு நாள் தொலைபேசியில் பேசியிருக்கிறார். இரண்டு நாளில் கப்பல் ஏற்றுகிறார்களாம். "அக்கா, வந்த உடன நண்டு காய்ச்சித் தா எண்டவன்," என்றார் ஆன்ட்டி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஏஜென்சிக்காரனும் இல்லை, கப்பல் பெயரும் இல்லை, கூட இருந்தவர்களும் இல்லை.

ஆன்ட்டி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார். தம்பி வந்து சேரும்வரை நண்டு வாயில் படாது. "பேந்து யோசிச்சன், நண்டை மட்டும் விட்டால் முருகனோட பேரம் பேசுறமாதிரிக் கிடக்கும் எண்டு. மச்சம் முழுக்க விட்டன். இருபத்திரண்டு வருசம். ஒரு துளி தெரியாமலும் போயிடக்கூடாது எண்டுதான் எல்லாத்தையும் வாசிக்கிறன்."

மூன்று வருடமாக நான் கிண்டல் செய்த கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "வந்துருவார் ஆன்ட்டி," என்றேன். "ஓம்," என்றார் அவர், சந்தேகமே இல்லாத குரலில்.

ஆலையின் பதில் செப்டெம்பரில் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, நல்ல கேள்வி என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். நார் முழுக்கப் பருத்திதான். காய்ந்த தாளைப் பழைய முறைப்படி ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுக்கிறோம், அதனால்தான் மை பரவுவதில்லை. மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்த தரமான ஜெலட்டின் என்று பெருமையாக ஒரு வரி.

அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வாசித்தேன். வேறு ஒருவனுடைய வீட்டுக்குள் தவறிப் போய் ஏதோ உடைத்துவிட்ட மாதிரி இருந்தது. யார் கேட்கச் சொன்னார்கள் என்னை? சொல்லாமல் விடலாம் என்றால், அந்த ஞாயிறு வருடத்தின் கடைசி நிகழ்ச்சி. அவர் மறுபடி கடிப்பார். இதுவரை தெரியாமல் நடந்தது. இனி எனக்குத் தெரிந்தே நடக்கும். வியாழக்கிழமை வரை யோசித்து, ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன்.

மேசையில் உட்கார்ந்து குழல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தேநீரை ஊதிக்கொண்டே, "ஆன்ட்டி, இதைக் கடிக்காம கையால கிழிச்சா என்ன? பல்லுக்கு நல்லதில்லைன்னு சொல்றாங்க," என்றேன்.

"ஆர் சொன்னது?"

"இல்ல, பொதுவா."

சுற்றிய காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி," என்றார். "இது என்னத்தில செய்தது?"

எனக்குப் பொய் சொல்ல வரும். அலுவலகத்தில் தினமும் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் வரவில்லை. தொலைபேசியை எடுத்து அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் எழுந்து போய், சமையலறைக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். நான் கூடத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்து, "மேயில இருந்தோ?" என்றார்.

"ஆமா."

"மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்." விரலை மடித்தார். "இந்த நாலு மாசத்துக்குள்ள அவன் எங்கயிருந்தாவது வெளிக்கிட்டிருந்தால், தம்பி?"

"தெரியாம நடந்தது ஆன்ட்டி. சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை அவரோடு நானும் ஆர்ச்வேக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நின்றார். பூசை முடிந்து கோயில் ஐயரிடம் விஷயத்தைச் சொன்னார். ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அறியாமல் செய்தது பிழையே இல்லை அம்மா, ஒரு அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாகப் போங்கோ என்றார். அர்ச்சனை செய்தோம். வெளியே வந்து செருப்பைப் போடும்போது ஆன்ட்டி சொன்னார்: "ஐயருக்கென்ன, அவற்ர தம்பி வெம்பிளியில இருக்கிறார்."

திரும்பும்போது ரயிலில் எனக்குத் தைரியம் வந்தது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"திரும்ப முதல்ல இருந்து தொடங்கியிருக்கிறன். ஆனா அதுமட்டும் காணாது. அண்டைக்கு எனக்கு நண்டுதான் உசிர், அதைக் குடுத்தன். இப்ப நண்டு ருசியே மறந்துபோச்சு. மறந்ததைக் குடுக்கிறது குடுக்கிறதில்லைத்தானே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. "சுடுறதை விட்டிட்டன்," என்றார்.

வேண்டாம் ஆன்ட்டி, வேறு ஏதாவது விடுங்கள், தேநீர், தொலைக்காட்சி என்று நான் ஏதேதோ சொன்னேன். சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை துவைத்து மடித்த சிவப்புக் கோட்டையும் ஒரு பை நிறையக் குழல்களையும் கீத்திடம் கொடுத்தார். மற்றவர்களுக்காகச் செய்தது. அந்தக் காகிதம்தான். அவர்கள் கடிப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முழங்கால் வலி, இனி வரிசையில் நிற்க ஏலாது என்றார். கீத் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாங்கள் யாராவது ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமா என்று கேட்டார். இல்லை, முழங்கால்தான் என்றேன். அன்று பொய் எளிதாக வந்தது. குறை கண்டுபிடிக்கிற என் உத்தியோகத்தை நினைத்து அப்படிக் கூசிப்போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சேலைக்கு மேல் குளிர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம், சனங்களோடு நின்றோம். நல்ல வெயில். இடமிருந்து நாலாவது இடத்தை விட்டுவைக்காமல் நெருங்கி நின்றிருந்தார்கள், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தலைவர் கத்தினார். எல்லோரும் கடித்தார்கள், துப்பினார்கள், கொட்டினார்கள், தூக்கினார்கள். சத்தம் வந்ததும் பக்கத்தில் இருந்த குழந்தை வீறிட்டது. புகை எங்கள் பக்கமாக வந்தது. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினை சத்தம் கேட்டது, தம்பி?"

எல்லாம் சேர்ந்து ஒன்றாகத்தான் கேட்டது என்றேன்.

"பதினொண்டு," என்றார். "ஒண்டு குறையுது."